சாதிப் புத்திக்கு இங்கிலீஷில் என்ன?

ஈஸ்டர் முடிந்த வாரம் ஒரு போன்.

‘நீங்கள் தமிழில் எழுதுகிறவர்தானே?’ என்று ஒரு குரல் இங்கிலீஷில் கேட்டது. அரபு வாடை அடிக்கிற இங்கிலீஷ்.

இப்படிக் கேட்டு எனக்கு வருகிற போன்கள் பெரும்பாலும் இரண்டு ரகம். மகள் எழுதிய கவிதையைப் படித்துப் பார்க்கச் சொல்வார்கள். இல்லையென்றால் கல்யாணப் பத்திரிகைக்கு ப்ரூஃப் பார்க்கச் சொல்வார்கள். ஆமாம் என்றேன், கொஞ்சம் ஜாக்கிரதையாகவே.

‘ஒரு வீடியோ இருக்கிறது. ஒரு நிமிஷம்கூட ஓடாது. அதில் எங்கள் தொழிலாளி ஒருவர் தமிழில் பேசுகிறார். என்ன பேசுகிறார் என்று எழுதித் தரவேண்டும். அன்று நீங்களும் அங்கே இருந்ததாகச் சொன்னார்கள்.’

எந்த வீடியோ என்று நான் கேட்கவில்லை. அதற்குள் அது பல வாட்ஸ்அப் குரூப்கள் வழியாக என் போனுக்கு வந்து சேர்ந்திருந்தது. ஒரு குரூப்பில் அதன் கீழே கைதட்டல் பொம்மைகள். இன்னொன்றில் ‘வெட்கக்கேடு’. இரண்டிலும் ஒரே வீடியோ, ஒரே மூக்கு.

மூக்கைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் அதை ஒட்டிக்கொண்டவனைப் பற்றி.

மிக்கேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிஜப் பெயர் வேண்டாம். தூத்துக்குடிப் பக்கம் கடலோர கிராமம். இங்கே வளைகுடாவில், ராஸ் அல் கைமாவில் ஒரு டைல்ஸ் ஃபாக்டரியில் மெக்கானிக். என்னைவிட வயதில் சின்னவன், உடம்பில் பெரியவன். ஊரில் மீன்பிடி வல்லம் இழுத்த கை என்பதால் யாருக்காவது கைகொடுத்தால் அவர் ரெண்டு நாள் பேனா பிடிக்க முடியாது. மகள் நாகர்கோவிலில் காலேஜில் படிக்கிறாள். அவன் வேலையில்தான் அந்த வீடு ஓடிக்கொண்டிருந்தது.

ராஸ் அல் கைமா, ஷார்ஜா பக்கத்துத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் சேர்ந்து தவக்காலத்தில் ஒரு பாஸ்கு நாடகம் போடுவார்கள். ஏசுநாதர் பாடுபட்டு மரித்த கதை. கோயில் வளாகத்துக்குள் இருக்கிற ஹாலில், வெளியே சத்தம் போகாமல். ஃபாதர் முன்னாலேயே எழுந்து சொல்லிவிடுவார்: ‘போன் எல்லாம் பாக்கெட்ல. யாரும் படம் எடுக்கக் கூடாது. இது நமக்காக நாம போடுற நாடகம்.’ இந்த நாட்டில் கோயில் கட்ட இடம் கொடுத்திருக்கிறார்கள், பூசை வைக்கவும் பாட்டுப் பாடவும் விட்டிருக்கிறார்கள். அதை நடுத்தெருவுக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

மிக்கேல் அதில் வருஷா வருஷம் கைப்பாஸ். ஏசுவைப் பிடித்துக்கொடுத்த யூதத் தலைமைக் குரு. வில்லன்.

அவன் ஊரில் இந்த வில்லனுக்கு ஒரு தனிச் சலுகை உண்டாம். மற்ற வேஷக்காரர்கள் எல்லாரும் புத்தகத்தில் உள்ள வசனத்தைத்தான் பேச வேண்டும். ஏசு சொந்தமாக ஒரு வார்த்தை பேச முடியாது. மாதா பேசவே முடியாது, அழத்தான் முடியும். கைப்பாஸ் மட்டும் இடையில் தன் சொந்தச் சரக்கை எடுத்து விடலாம். கரண்ட் கட், ரேஷன் கடை, மீன் ஏலக்காரன், சங்கத் தலைவர் – யாரை வேண்டுமானாலும் வம்புக்கு இழுக்கலாம். கெட்டவன் வாய் என்பதால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மனதில் உள்ளதைச் சொல்ல ஊரில் ஒருத்தனுக்குத்தான் லைசென்ஸ். அவனுக்கும் வேஷம் போட்டால்தான்!

போன வருஷம் இங்கே அவன் கேம்ப் மெஸ் சாம்பாரைக் கிழித்தான். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

இந்த வருஷம் நாடகத்துக்கு அவன் ஒரு விருந்தாளியையும் கூப்பிட்டிருந்தான்.

டேவிட். ஃபாக்டரியில் புது மெஷின் ஓட்டிவிட வந்த இன்ஜினியர். அர்ஜென்டினாவில் பிறந்தவர், வேலை இத்தாலியில். சில மாதங்களாக மிக்கேல்தான் அவருக்குக் கையாள். நெருக்கமென்றால் அப்படி ஒரு நெருக்கம். இவன் கொண்டுபோகிற கருவாட்டுக் குழம்பை அவர் தும்மிக்கொண்டே சாப்பிடுவாராம். அவர் சொல்கிற இங்கிலீஷ் இவனுக்குப் பாதி புரியும், மீதியை மெஷின் சொல்லிவிடும்.

டேவிட் என்று பெயர் இருந்தால் நம் ஊரில் யார்? வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். அதில் சந்தேகமே கிடையாது. டேவிட், சாமுவேல், டேனியல், ஆபிரகாம் என்று நம் ஊரில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்களே! அந்தப் பெயர்கள் முதலில் யாருடையவை என்று யார் யோசித்தோம்?

‘சார், நீங்களும் நம்ம ஆளுதான, நாடகத்துக்கு வரணும்’ என்று கூப்பிட்டிருக்கிறான். அவரும் சந்தோஷமாகச் சம்மதித்திருக்கிறார்.

வெள்ளைக்காரர் வருகிறார் என்றால் நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? முன்வரிசை நடுவில் நாற்காலி. முடிவில் மேடையில் பொன்னாடை. பக்கத்து நாற்காலியில் அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு ஆள். யார்? எழுத்தாளர்தான். சம்பளம் இல்லாத வேலை என்றால் முதலில் என் ஞாபகம்தான் எல்லோருக்கும் வரும்.

ஷார்ஜாவில் நான் இருக்கிற முவைலாவிலிருந்து ஒருவர் காரில் தொற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு, குருத்து ஞாயிறு சாயங்காலம். ஹால் நிறைந்திருந்தது. டேவிட் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். நல்ல மனிதர். மெல்லிய குரல். ஏசுவைப் பிடிக்கிற கெத்சமெனித் தோட்டக் காட்சி வரை காதோரமாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

பிறகு கைப்பாஸ் வந்தான்.

மஞ்சள் அங்கி. இடுப்பில் குலுங்குகிற காசுப் பை. முகத்தில் ஒரு மூக்கு. மூக்கா அது? கிளியின் அலகை நாலு மடங்கு பெரிதாக்கி வளைத்துவிட்டது மாதிரி. ஊரில் மெழுகில் செய்வார்களாம். இங்கே மெஷினுக்குப் பூசுகிற சிலிக்கானில் அச்சு எடுத்திருக்கிறான். அந்த டியூபைக் கொடுத்ததே டேவிட்தான் என்று எனக்குப் பிறகு தெரிந்தது.

ஹாலில் சிரிப்பு. டேவிட் சிரிக்கவில்லை. நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மிக்கேல் புத்தக வசனத்தை முடித்துவிட்டு முன்னால் வந்தான். எல்லோருக்கும் தெரியும், இப்போது சொந்தச் சரக்கு வரும். மெஸ்ஸா, ஏ.சி.யா, ஃபோர்மேனா என்று நான்கூடக் காத்திருந்தேன்.

“அன்னிக்கி பெத்லகேம்ல பச்சப் பிள்ளையள வெட்டுனோம். இன்னிக்கி காஸாவுல வெட்டுதோம். எவன்டா எங்கள கேப்பான்? பிள்ளையள கொல்லுதது எங்க சாதிப் புத்தி!”

பின்னாலிருந்து யாரோ விசில் அடித்தார்கள். ஹால் முழுக்கக் கைதட்டல். மிக்கேல் மூக்கை ஒரு தடவை திருகிக் காட்டினான். மறுபடி சிரிப்பு.

‘என்ன சொல்கிறார்?’ என்று டேவிட் கேட்டார்.

‘ஒன்றுமில்லை. சும்மா அரசியல் ஜோக்’ என்றேன்.

‘காஸா என்றார்.’

‘ஆமாம்.’

‘அதற்கு முன்னால் நாடகத்தில் அடிக்கடி ஒரு வார்த்தை வந்தது. யூதர். அது யார் என்று எனக்குப் புரிகிறது. நான் யூதன்.’

மேடையில் ஏசுவின் கையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஸ்பீக்கரில் ஒப்பாரி ஆரம்பித்தது. நான் மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எழுந்து போயிருக்கலாம் அவர். போகவில்லை. கடைசி வரை உட்கார்ந்திருந்தார். சிலுவை மரணம் முடிந்ததும் மைக்கில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். மேடைக்குப் போனார். பொன்னாடை போர்த்தியது யார் என்கிறீர்கள்? மிக்கேல்தான். தான் கூப்பிட்ட விருந்தாளி ஆயிற்றே! மூக்கைக் கழற்ற நேரமில்லாமல் அப்படியே வந்து, வாயெல்லாம் பல்லாக, அவருக்குப் போர்த்திக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

டேவிட் மைக்கில் ‘அழைத்ததற்கு நன்றி’ என்று மட்டும் சொன்னார். குரல் நடுங்கியது. மேடைக் கூச்சம் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

அவர் புகார் எதுவும் கொடுக்கவில்லை. இதை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் ‘அந்த யூதன்தான் போட்டுக்கொடுத்தான்’ என்று ஒரு கதை இப்போது நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது.

நடந்தது வேறு. ஃபாதர் அவ்வளவு சொல்லியும், பின்னால் நின்ற யாரோ ஒரு புண்ணியவான் போனை எடுத்திருக்கிறார். சரியாக அந்த வசனத்தை மட்டும். ‘எங்க மிக்கேல் மாஸ்’ என்று போட்டு ஏற்றியிருக்கிறார். பெருமைதான், கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. அது சுற்றிச் சுற்றி எங்கேயோ போய், இன்னொரு தமிழர் – ஆமாம், தமிழர்தான் – ‘இந்த ஆள் இந்த கம்பெனியில் வேலை பார்க்கிறான், யூத வெறுப்பைப் பரப்புகிறான், நடவடிக்கை எடுங்கள்’ என்று இங்கிலீஷில் எழுதி கம்பெனியை டேக் செய்துவிட்டார். அவருக்கு மிக்கேல் மேல் என்ன கோபமோ? அல்லது கோபமே இல்லையோ? சிலர் தர்மத்துக்காகச் செய்வார்கள், சிலர் பொழுதுபோகாமல் செய்வார்கள். போய் விழுகிற இடம் ஒன்றுதான்.

இந்த நாட்டில் ஒரு மதத்தையோ இனத்தையோ இழிவாகப் பேசினால் ஜெயில் வரை போகும். இங்கே வந்து இறங்குகிற எல்லோருக்கும் அது தெரியும். தெரியாதது ஒன்றுதான்... மேடையில் வேஷம் போட்டுப் பேசுவதும் பேச்சுதான் என்பது.

சரி, எச்.ஆர். ஆபீசுக்கு வருவோம்.

போன் செய்தவர் பெயரை நாசர் என்று வைத்துக்கொள்கிறேன். ஜோர்டான் பாஸ்போர்ட். நரைத்த தாடி. மேஜையில் பாதி குடித்த காபி. ‘உட்காருங்கள்’ என்று லேப்டாப்பைத் திருப்பி வைத்தார்.

‘வார்த்தைக்கு வார்த்தை வேண்டும். விளக்கம் வேண்டாம். ஒரு அரசாங்கத்தை, ஒரு போரைத் திட்டியிருந்தால் வார்னிங் லெட்டரோடு முடித்துவிடப் பார்க்கிறேன். ஒரு மதத்தை, மக்களைத் திட்டியிருந்தால்... என் கையில் இல்லை.’

ஆக, மிக்கேலின் வேலை என் பேனாவில் இருந்தது.

‘ஐந்து நிமிஷம் கொடுங்கள்’ என்று வெளியே வந்தேன். காரிடாரில் மிக்கேல் நின்றிருந்தான். யூனிஃபார்மில், தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு. அந்தப் பெரிய உடம்பு எப்படிச் சின்னதாகிவிட்டது என்று தெரியவில்லை.

“அண்ணாச்சி, கொஞ்சம் பாத்து எழுதுங்க அண்ணாச்சி.”

“டேவிட்டிடம் பேசினாயா?”

“எங்க பேச விடுதாவ? விசாரண முடியுத வரைக்கும் ரெண்டு பேரும் பேசக் கூடாதாம். அவர வேற ஷெட்டுக்கு மாத்திட்டாவ. போன் பண்ணா அதுவும் கேஸ் ஆயிரும்னு சொல்லுதாவ.” கண்ணைத் துடைத்துக்கொண்டான். “அவரு யூதர்னு எனக்கு சத்தியமா தெரியாது அண்ணாச்சி. தெரிஞ்சா கூப்புட்டிருப்பனா? நான் அவர சொல்லல. அந்தப் பிள்ளையள தினமும் போன்ல பாக்குதேன். துணியில சுத்திக் கெடக்குதுவ. சோறு எறங்க மாட்டேங்குது. வேற எங்க போயி சொல்லுவேன்? எனக்கு மைக் கெடைக்கது வருஷத்துல ஒரு நாளு.”

அவன் சொன்னது பொய்யில்லை. ஊர்வலமோ போஸ்டரோ கூட்டமோ நடத்த முடியாத இடம் இது. இங்கே லட்சக்கணக்கானவர்கள் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, போனை மூடிவிட்டு, டூட்டிக்குப் போகிறார்கள். நானும்தான். என் பத்தியில் சில வாரம் வெயிலைப் பற்றியும் பார்க்கிங் தகராறைப் பற்றியும் மட்டுமே வருகிறதே, ஏன் என்று வாசகர்கள் சிலர் கேட்டிருக்கிறீர்கள். இதுதான் ஏன்.

“சரி மிக்கேல். அழுததைச் சொன்னாய். சாதிப் புத்தின்னு எதுக்குச் சொன்னாய்?”

“அது சும்மா வாயில வந்துட்டு அண்ணாச்சி. நம்ம ஊருல எல்லாரும் சொல்லுத வார்த்ததான?”

“போன வருஷம் உங்க ஃபோர்மேனுக்கும் சும்மா வாயில வந்ததுதான்.”

அவன் முகம் மாறிவிட்டது. உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். அந்த ஃபோர்மேன் எங்கள் பக்கத்துக்காரர், கோவில்பட்டியை ஒட்டிய ஊர். ஒரு டூல் காணாமல் போனபோது மிக்கேலைப் பார்த்து, ‘மீன்காரப் பய சாதிப் புத்தி எங்க போகும்?’ என்று கேட்டுவிட்டார். டூல் பிறகு அவர் வண்டியிலேயே கிடைத்தது. ஆனால் அதற்குள் மிக்கேல் ஸ்பேனரை ஓங்கி, நாலு பேர் சேர்ந்து அவனைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போகவேண்டியிருந்தது. ‘என்ன திருடன்னு சொல்லட்டும் அண்ணாச்சி, தாங்கிக்கிடுவேன். எங்க அப்பன், தாத்தன், எம் புள்ள எல்லாரையும் ஒரே வார்த்தையில சேத்துட்டாம்லா’ என்று அன்று என்னிடம் விக்கி விக்கி அழுதான்.

யூத வெறுப்பு என்றால் என்ன என்று பெரிய பெரிய புத்தகங்கள் இருக்கின்றன. நமக்கு அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. ஒரு ராணுவம் செய்ததை, ஒரு அரசாங்கம் செய்ததை, உலகத்தில் எங்கோ டைல்ஸ் மெஷின் ரிப்பேர் பார்க்கிற ஒருவனின் ரத்தத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது. அதற்கு நம்மிடம் கைவசம் ஒரு வார்த்தை இருக்கிறது. ஊரில் தினமும் ஒருவர் மேல் ஒருவர் துப்பிக்கொள்கிற வார்த்தை.

காஸா என்று வாயைத் திறந்தாலே ‘யூத விரோதி’ என்று முத்திரை குத்துகிற ஆட்கள் இருக்கிறார்கள். நன்றாகத் தெரியும். ஒரு வாயை மூட இதைவிடச் சுலபமான வழி இப்போது கிடையாது. உள்ளே கிடக்கிற பழைய வெறுப்பைக் குழந்தைகளின் பிணத்தைப் போர்த்தி வெளியே கொண்டுவருகிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் தெரியும். மிக்கேல் இந்த இரண்டிலும் சேர்த்தி இல்லை. அவனிடம் நிஜமான துக்கம் இருந்தது. அதைச் சொல்ல அவனுக்குக் கிடைத்தது, யூதரைக் கேலி செய்ய உலகம் நெடுங்காலமாக வரைந்துவருகிற அந்த வளைந்த மூக்கும் அந்த வார்த்தையும்தான்.

உள்ளே போய் உட்கார்ந்தேன்.

முதல் மூன்று வாக்கியம் சுலபம். நான்காவதில் பேனா நின்றுவிட்டது. சாதிப் புத்திக்கு இங்கிலீஷில் என்ன? ‘காஸ்ட் மென்டாலிட்டி’ என்று எழுதினால் நாசருக்கு ஒன்றும் புரியாது. மிக்கேல் பிழைத்துக்கொள்வான். ‘திஸ் இஸ் அவர் ஹேபிட்’ என்று எழுதலாம். பாதிப் பொய். அந்த வார்த்தையை விழுங்கிவிட்டால் முழுப் பொய், ஆனால் ஒரு வீடு பிழைக்கும். நாசருக்குத் தமிழ் தெரியாது, யார் கேட்கப்போகிறார்கள்?

டேவிட் கேட்பார் என்று தோன்றியது. அன்று முன்வரிசையில் அவரிடம் ‘சும்மா ஜோக்’ என்றேன். இப்போது விழுங்கினால் அதையே கையெழுத்துப் போட்டுச் சொல்வதாக ஆகும்.

‘இட் இஸ் இன் அவர் ப்ளட்’ என்று எழுதினேன். எங்கள் ரத்தத்திலேயே இருக்கிறது.

கீழே, ‘இது வில்லன் பாத்திரம் சுயமாகப் பேசும் மரபு, பேசியவர் போரில் இறக்கும் குழந்தைகளை நினைத்து...’ என்று இரண்டு வரி சேர்த்தேன். நாசர் படித்துப் பார்த்தார். அந்த இரண்டு வரியை மட்டும் அடித்தார்.

‘விளக்கம் வேண்டாம் என்றேனே.’

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ‘உங்களுக்கு அந்தக் குழந்தைகளைப் பற்றி ஒன்றுமே தோன்றவில்லையா?’ என்று கேட்டுவிட்டேன்.

அவர் கதவைப் பார்த்தார். மூடியிருந்தது. அப்படியும் குரலைத் தணித்துக்கொண்டார்.

‘என் அக்கா காஸாவில் இருக்கிறாள். இருக்கிறாள் என்றுதான் நினைக்கிறேன். போன் எடுத்துப் பல நாளாகிவிட்டது. இந்தக் கட்டிடத்தில் யாரிடமும் நான் அதைச் சொன்னதில்லை. உங்களிடம் ஏன் சொல்கிறேன் என்று தெரியவில்லை.’ காபியைத் தள்ளி வைத்தார். ‘உங்கள் ஆள் முதல் மூன்று வாக்கியத்தோடு நிறுத்தியிருந்தால், அவனுக்காக நான் சண்டை போட்டிருப்பேன். இப்போது நான் இரக்கம் காட்டினால் என்ன ஆகும்? யூதரைத் திட்டியவனைக் காப்பாற்றுவது யார் என்று என் பெயரைப் பார்ப்பார்கள். என் ஊரைப் பார்ப்பார்கள். அவனோடு சேர்ந்து நானும் போவேன். யாராவது போலீஸுக்குப் போவதற்கு முன்னால் அவனை ஊருக்கு அனுப்பிவிடுகிறேன். என்னால் முடிந்த உதவி அதுதான்.’

அவனுடைய வேலையைப் பறிப்பதற்கு உதவி என்று பெயர். அவர் சொன்னது உண்மையும்கூட. அந்த அறையில் அதைவிடப் பெரிய உதவி எதுவும் மீதமில்லை.

வெளியே வந்தேன். மிக்கேலுக்கு என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

“என்ன எழுதுனிய?”

“நீ சொன்னதை.”

“சரிதான்.” கசங்கிய தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டான். “எதுக்கு சொன்னேன்னு எழுதுனியளா?”

எழுதினேன், அடித்துவிட்டார்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அது ஆமாம் என்றா இல்லை என்றா என்று எனக்கே தெரியாது. நான் சரியாகத்தான் எழுதினேன், இன்றைக்கும் ஒரு எழுத்தை மாற்ற மாட்டேன். அதனால் நிம்மதியாகத் தூக்கம் வருகிறது என்று மட்டும் யாரும் நினைத்துவிடாதீர்கள்.

டேவிட்டை அடுத்த வாரம் ஒரு கஃபெட்டீரியாவில் சந்தித்தேன். மிக்கேல் விமானம் ஏறியாகிவிட்டது. அவனோடு பேச வேண்டும் என்று மூன்று தடவை எச்.ஆரில் கேட்டிருக்கிறார். நடைமுறைப்படி முடியாது என்றுவிட்டார்களாம். பேச்சில் ஆரம்பித்த தகராறில், பேசவே கூடாது என்று தடுக்கப்பட்டது அந்த இரண்டு பேரும்தான்.

‘அவர்மேல் எனக்குக் கோபம் இருந்தது. வேலை போக வேண்டும் என்கிற அளவுக்கு இல்லை’ என்றார். ‘இந்தப் போரை நிறுத்து என்று என் ஊரில் ஒரு அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன். துரோகி என்று என் தம்பி என்னிடம் பேசுவதை விட்டுவிட்டான். இங்கே வந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தால், நான் கொலைகாரன்.’

கரக் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், மேலும் சொன்னார். ‘பெத்லகேம் என்றாரே. குழந்தை ஏசுவைத் தேடி ஒரு ராஜா ஊர்க் குழந்தைகளை வெட்டச் சொன்ன கதை அது. அதில் வெட்டப்பட்ட குழந்தைகளும் யூதக் குழந்தைகள்தான். அது அவருக்குத் தெரியுமா?’

தெரிந்திருக்காது. ஹாலில் கைதட்டிய யாருக்கும் தெரிந்திருக்காது. சொல்லப்போனால், அவர் சொல்கிற வரை நானும் அதை யோசித்ததில்லை.

‘ஹால் முழுக்கச் சிரித்ததுதான் எனக்கு மறக்க மாட்டேன் என்கிறது’ என்றார் கடைசியில். மெஷின் ஓடத் தொடங்கிவிட்டது, அந்த மாதமே அவரும் கிளம்பிவிட்டார். பாஸ்கு நாடகம் இனி வேண்டாம் என்று ஃபாதர் சொல்லிவிட்டார்.

இதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று சாயங்காலம் மிக்கேல் ஊரிலிருந்து போன் செய்தான்.

குரலில் ஒரு மாதிரி உற்சாகம். வேலை கிடைத்துவிட்டதோ என்று நினைத்தேன். இல்லை. பக்கத்து டவுனில் ஏதோ கண்டனக் கூட்டமாம். ‘அநீதியை எதிர்த்து வேலையை இழந்த வீரர்’ என்று இவன் படத்தைப் போட்டு ஃப்ளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். வண்டி வைத்துக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

“நல்ல கூட்டம் அண்ணாச்சி. ஒருத்தர் பேசுனாரு. உலகத்துல நடக்குத எல்லா அநியாயத்துக்கும் யூதந்தான் காரணமாம், பால் வெல கூடுனது வரைக்கும். எனக்கே சிரிப்பு வந்துட்டு.”

“நீ பேசினாயா?”

“எனக்கு என்ன பேசத் தெரியும்? அந்த மூக்க செஞ்சு வெச்சிருந்தானுவ. மாட்டிக்கிட்டு அந்த வசனத்த ஒருக்கா சொல்லுன்னாவ.”

“அந்த வசனத்தையா?”

“ஆமா.”

பின்னால் யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

“டேவிட் சார் மொகந்தான் அண்ணாச்சி முன்னால நின்னுச்சு. அவரு என் கொழம்ப தும்மிக்கிட்டே சாப்புடுவாரு...” நிறுத்தினான். “வந்ததுலருந்து ஒருத்தனும் என்ன ஏன்னு கேக்கல. சொந்தக்காரனே ஒதுங்கிப் போறான். மேடைக்கு வான்னு கூப்புட்டது அவிய மட்டுந்தான்.”

“மிக்கேல், சொன்னாயா?”

“சொன்னேன், அண்ணாச்சி.”

இந்த முறை மொழிபெயர்க்க என்னை யாரும் கூப்பிடவில்லை.